குடியிருப்பவனுக்கே விற்கும் விலை



சந்தையில் ஒரு பொருளுக்கு விலை பேசுவது எளிது. விற்பவன் ஒருபுறம், வாங்குபவன் மறுபுறம், பொருள் நடுவில். ஆனால் வாங்க வருகிறவன் அந்தப் பொருளுக்குள்ளேயே பல காலமாக வாழ்ந்து வருகிறவனாயின், விலையை எப்படிக் கணக்கிடுவது? சர்க்காரோ நகரசபையோ தனக்குப் பாத்தியதை உள்ள வீட்டையோ மனையையோ அதில் இருப்பவனுக்கே சொந்தமாக்க முற்படும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. அவன் தேடி வைத்ததற்கும் சேர்த்து அவனிடமே பணம் வாங்குவதா? அல்லது பொதுச் சொத்தை ஒருவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பதா? நம் புதுக்கோட்டைச் சீமை இந்தக் கேள்வியை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது.

1878-இல் அ. சேஷையா சாஸ்திரி இங்கே திவானாக வந்தார். திருவிதாங்கூரில் திவான் வேலை பார்த்து முடித்தவர். 1886 முதல் 1894 வரை, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சிறுவராக இருந்த காலத்தில், ரீஜண்டாகவும் ஆண்டார். நகரத்தின் அகன்ற தெருக்களையும், தூர் வாரிய குளங்களையும் கொண்டே மக்கள் அவரை நினைவு கூர்கின்றனர். அது நியாயமே. எனினும் 1888-இல் அவர் தொடங்கிய இனாம் செட்டில்மெண்டை அவற்றினும் பெரிய காரியமாகவே நான் கருதுகிறேன்.

அக்காலத்தில் சமஸ்தானத்தின் சாகுபடி நிலத்தில் பெரும் பகுதி இனாமாக இருந்தது. போருக்கு வந்த அமரக்காரருக்கு நிலம். கோயிலில் பணி செய்பவருக்கு நிலம். அரண்மனைக்கு விறகும் வைக்கோலும் கொண்டுவரும் ஊழியக்காரருக்கு நிலம். சம்பளமாக ரொக்கம் கொடுக்காமல் நிலத்தைக் கொடுத்தது அரசு. இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தை உழுதவன் அவன்; கிணறு வெட்டியவன் அவன்; வீடு கட்டிப் பிள்ளைகளை வளர்த்தவனும் அவன். ஆனால் ஊழியம் நின்றால் நிலமும் நிற்காது. போர்கள் ஓய்ந்து போனபின், போருக்கென்று கொடுத்த நிலத்தை என்ன செய்வது?

பறிப்பது அநீதி, அப்படியே விட்டுவிட்டால் கஜானாவுக்கு நஷ்டம். சாஸ்திரியார் காலத்து நிர்வாகம் ஊழியங்களில் பெரும்பாலானவற்றை நீக்கி, முழுத் தீர்வையினும் குறைந்ததொரு சலுகைத் தீர்வையை விதித்து, நிலத்தை அனுபவித்தவர்க்கே உரிமையாக்கியது. சென்னை மாகாணத்தில் 1858 முதல் இனாம் கமிஷன் நடத்திய முறையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அங்கே அந்தச் சலுகைத் தீர்வையை ஆண்டுதோறும் செலுத்தாமல், இருபது ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் கட்டிப் பூரணமாக விடுதலை பெறவும் வழி இருந்தது. ஆண்டுக்கு 3 ரூபாய் தீர்வையாயின், 60 ரூபாய் கட்டினால் போதும். நூற்றுக்கு ஐந்து வட்டி என்னும் கணக்கே இதன் அடிப்படை: அறுபது ரூபாயை வட்டிக்கு விட்டால் அதே மூன்று ரூபாய் சர்க்காருக்கு ஆண்டுதோறும் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். நிலத்தின் சந்தை விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்த நிலத்தில் சர்க்காருக்கு மிஞ்சியிருந்த பங்கு எவ்வளவோ, அதற்கு மட்டுமே விலை. குடியானவனுடைய கிணற்றுக்கும் வரப்புக்கும் அவனிடமே காசு கேட்கவில்லை.

ஆனால் இழப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உடம்பால் செலுத்திய கடனை இனி ரொக்கமாகச் செலுத்த வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் ரொக்கத்துக்கு எங்கே போவது? மேலும், அரண்மனை வாசலில் நிற்பதும், திருவிழாவில் தனக்குரிய பணியைச் செய்வதும் அந்த மனிதனுக்கு மரியாதை. அந்த மரியாதையும் ஊழியத்தோடு போயிற்று. அதன் மதிப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. பின்னர் 1963-இல் வந்த சிறு இனாம் ஒழிப்புச் சட்டம், இனாம் நிலத்தில் நின்ற கட்டடம் ஒவ்வொன்றும் அதுவரை யாருக்குச் சொந்தமோ அவருக்கே, அது நிற்கும் மனையோடு சேரும் என்று விதித்தது. வீட்டை ஒருவர் கட்டியிருக்க, மனை வேறொருவரிடம் போய்ச் சேரும் வம்பு இதனால் தவிர்க்கப்பட்டது.

சென்னைப் பட்டணத்தில் இதே வம்பு வேறு வகையில் முளைத்திருந்தது. வாடகை மனையில் தம் செலவில் வீடு கட்டியவர்களை, மனை விலை ஏறியதும் வெளியேற்றத் தொடங்கினர் மனைக்காரர். 1922-இல் நடைமுறைக்கு வந்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், மனையைத் தமக்கே விற்க உத்தரவிடும்படி அவர்கள் கோர்ட்டில் கேட்க இடமளித்தது. விலை? பழைய விதிப்படி, முந்திய ஏழு ஆண்டுகளில் நிலவிய மிகக் குறைந்த விலை. பிற்காலத்து விதிப்படி, முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி. இரண்டு விதிகளிலும் விலை போட்டது மண்ணுக்கே. சுவர் ஏற்கெனவே குடியிருப்பவருடையது.

பிரிட்டனில் நகரசபை வீடுகளை வாடகைக்காரர்க்கே விற்க வழிசெய்த 1980-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தப் பாதையைத் தொட்டது. வீடு காலியாக இருந்தால் சந்தையில் என்ன விலை போகுமோ அதைக் கணக்கிட வேண்டும், வாடகைக்காரர் தம் கையால் செய்த மேம்பாடுகளை அதில் சேர்க்கக் கூடாது, பிறகு தள்ளுபடி. மூன்று ஆண்டு குடியிருந்தவர்க்கு நூற்றுக்கு 33. அதற்கு மேல் ஆண்டுக்கு ஒன்றாக ஏறி 50 வரை. ஐந்தாண்டுக்குள் மறுபடி விற்றால் தள்ளுபடியில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். வாங்கியவர்கள் மகிழ்ந்தனர், ஆயினும் விற்றுப்போன வீடுகளுக்கு ஈடாகப் புதியவை போதிய அளவில் எழவில்லை. ஸ்காட்லாந்து 2016-இலும், வேல்ஸ் 2019-இலும் இந்த விற்பனை உரிமையையே நிறுத்திவிட்டன. வாங்கியவனுக்குக் கிடைத்த நியாயம், அடுத்து வீடு தேடி நிற்பவனுக்கு அநியாயமாய் முடியக்கூடும் என்பதைச் சாஸ்திரியார் சந்திக்க நேரவில்லை. அவர் கையிலிருந்தது ஏற்கெனவே ஆள் குடியேறிய நிலம்.

1961-இல் தோன்றிய நம் வீட்டுவசதி வாரியத்தின் தவணைத் திட்ட வீடுகளில் மற்றொரு சங்கடம் உண்டு. ஒதுக்கீட்டின்போது சொல்வது தற்காலிக விலையே. நிலம் கொடுத்தவர்கள் கூடுதல் ஈடு கேட்டு வழக்காடி வென்றால், அந்தச் சுமையில் ஒரு பகுதி இறுதி விலையில் வந்து சேரும். சுவருக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்துவிட்ட குடும்பம், தன் வீட்டின் விலை என்னவென்று அப்போதுதான் அறிகிறது. அந்தப் பாக்கி தீர்ந்தபின்பே கிரயப் பத்திரம் கைக்கு வருகிறது.