குவியலைச் சுத்தி ஒரு கயிறு

பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின கூம்பு சூத்திரம் ஞாபகம் இருக்கா மக்கா? மூன்றில் ஒரு பங்கு × பை × ஆரத்தின் வர்க்கம் × உயரம். கன அளவையும் ஆரத்தையும் கொடுத்துட்டு உயரம் என்னன்னு கேப்பாங்க. ரெண்டு தெரிஞ்சா மூணாவது வந்துடும், பத்து மார்க் நிச்சயம்.

களத்துமேட்டுல கிடக்கிற தானியக் குவியல் அவ்வளவு தாராளமா எதையும் கொடுக்காது. ஆரம் வேணும்னா குவியலுக்குள்ள புகுந்து நடுமையத்துக்குப் போகணும். உயரமும் உள்ளேதான் ஒளிஞ்சிருக்கு. வெளியிலிருந்து சுலபமா அளக்க முடிஞ்சது சுற்றளவு மட்டும்தான். ஒரு கயிறு போதும்.

அந்த ஒரே எண்ணை வச்சு மீதி ரெண்டையும் கண்டுபிடிக்கிற வழி 1150-ல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இருக்கு. உயரத்துக்கு அவர் சொல்வது: பருத்த தானியம்னா சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு, பொடித் தானியம்னா பதினொன்றில் ஒரு பங்கு, மீசை மாதிரி கூர் உள்ள தானியம்னா ஒன்பதில் ஒரு பங்கு. கொட்டினா எந்தத் தானியம் எவ்வளவு சரிவா நிக்கும்கிறதுதான் விஷயம். கோணமாப் போட்டுப் பார்த்தேன், சுமார் 32, 30, 35 டிகிரி வருது. 628-லேயே பிரம்மகுப்தர் இதே மூணு பின்னங்களைக் கொடுத்திருக்கார்.

அப்புறம் சுற்றளவை ஆறால் வகுத்து, வர்க்கம் எடுத்து, உயரத்தால் பெருக்கணும். இது நம்ம கூம்பு சூத்திரமேதான், பை-க்கு 3 போட்டிருக்காங்க, அவ்வளவுதான். அவர் கொடுக்கும் கணக்கில் சுற்றளவு 60 முழம். உயரம் 6, கன அளவு 600 கன முழம், அதாவது 600 மகத நாட்டுக் காரி. குவியல் சுவரோரம் சாய்ந்திருந்தால் கயிற்றின் நீளத்தை ரெண்டால் பெருக்கி முழுக் குவியலாக்கணும், உள்மூலைன்னா நாலால், வெளிமூலைன்னா ஒண்ணேகாலே அரைக்கால் கிட்டே, சரியாச் சொன்னா நாலின் கீழ் மூணால். வந்த விடையைத் திருப்பி அதே எண்ணால் வகுக்கணும். (கோட் எழுதுறவங்களுக்கு இது பிடிக்கும். ஒரே ஃபங்ஷன், நாலு கேஸ்!)

சீனாவின் 'ஒன்பது அத்தியாயங்கள்' நூலிலும் குவியல் கணக்கு உண்டு. சுற்றளவு 120 சி, உயரம் 20 சி, விடை 8000. அங்கேயும் வகுக்கும் எண் அதே 36, ஆனா உயரத்தைக் கையில கொடுத்துடுறாங்க. லியு ஹுய் 263-ல் இந்த நூலுக்கு உரை எழுதினார்.

சரி, பாஸ்கரருக்கு பை தெரியாதா? அதே லீலாவதியில் 3927/1250-ம், வேலைக்கு ஆகிற 22/7-ம் இருக்கு. தெரிஞ்சேதான் 3 போட்டிருக்கார். 22/7 போட்டா 600-க்குப் பதில் சுமார் 573 வரும். 27 காரி அதிகம். பெரிய தப்பு மாதிரி தோணும். ஆனா உயரமே சுற்றளவிலிருந்து வர்றதால, கன அளவு சுற்றளவின் முப்படியோட ஓடுது. 60-க்குப் பதில் கயிறு 61 முழம் காட்டினா 630 ஆயிடும். தானியத்தின் வகையை மாத்தி ஒன்பதில் ஒரு பங்கு போட்டா 666. இவ்வளவு ஆட்டம் இருக்கிற இடத்துல பை-யை நாலு தசமம் வரை போட்டு என்ன பண்றது?

என்னை உறுத்துறது வேற. கயிறு ஒரு தடவை கூடக் காட்டும், ஒரு தடவை குறையக் காட்டும். பை-யை 3 ஆக்கினா விடை எப்பவுமே கூடத்தான் வரும். நூத்துக்கு அஞ்சு கிட்ட. குவியலை இப்படி மதிப்புப் போட்டு அதுல ஆறில் ஒரு பங்கு கொடுன்னு ஒருத்தன் கேட்டா, 573 காரிதான் வச்சிருக்கிறவன் 600-க்கு அளந்து கொடுக்கணும். 95 காரிக்குப் பதில் 100.