பேர் லெதர்மேன்... எதிரி லெதர்! - பழைய மல்ட்டி-டூலை மீட்டெடுக்க ஒரு கையேடு

ஆம்பூரில் நின்று 'லெதர்மேன்' என்று சொன்னால், டேனரியில் வேலை பார்ப்பவரைச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால், பிளேயர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் மடங்கி உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த மல்ட்டி-டூலின் பெயருக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. அது, அதை உருவாக்கிய அமெரிக்கர் டிம் லெதர்மேனின் குடும்பப் பெயர்!

1975-ல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது டிம் கையில் இருந்தது ஒரு பாக்கெட் கத்தி. கார் மக்கர் செய்தபோதும் ஹோட்டல் குழாய் ஒழுகியபோதும் அவருக்குத் தேவைப்பட்டதோ பிளேயர். அந்த எரிச்சலில் பிறந்த யோசனைக்கு 1980-ல் காப்புரிமை கிடைத்தது. 1983-ல் முதல் மாடல் விற்பனைக்கு வந்தது.

ஒரே கருவியில் ரெண்டு வேலை என்பது நம்ம ஷூ பட்டறைகளுக்குப் புதுசு இல்லை. லாஸ்டிங் பிளேயரைப் பாருங்க. வளைந்த வாயால் தோலைக் கவ்வி, கால் வடிவ அச்சின் மேல் இழுக்கலாம். வாய்க்குக் கீழே இருக்கும் சுத்தியல் முகத்தால் அப்படியே ஆணியும் அடிக்கலாம். இந்த வேலைக்கான மெஷினுக்கு யான் மாட்செலிகர் காப்புரிமை வாங்கியது 1883-ல். ஆனாலும், கையால் ஷூ செய்பவர்களுக்கும் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கும் இன்றும் அந்தப் பிளேயர் ஓடினால்தான் அன்றைய கூலி.

மல்ட்டி-டூலோ, லாஸ்டிங் பிளேயரோ, இரண்டுக்கும் வரும் வியாதி ஒன்றுதான்... துரு!

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் துருப்பிடிக்கிறது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5% குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக மேலே நின்று காவல் காக்கும். அந்தப் படலத்தைத் துளைப்பது உப்பு. வியர்வையில் உப்பு உண்டு. தோல் பகுதிகளில் பச்சைத்தோல் அழுகாமல் இருக்கத் தடவும் உப்பும் உண்டு. தவிர, கத்திக்கான ஸ்டீலில் கூர் நிற்பதற்காகக் கார்பன் அதிகம் சேர்ப்பார்கள். அது கொஞ்சம் குரோமியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் உங்க வீட்டு டம்ளர் பளபளக்கும்போது, கத்தி புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது.

இதில் லெதர் உறைக்கும் பங்கு உண்டு. வியர்வையையும் மழை ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குள் மாசக்கணக்கில் கிடந்தால் எந்த டூலும் தாங்காது.

வாங்கும் முன் பாருங்க

* பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாயின் நுனி இரண்டும் நேராகச் சேர வேண்டும்.
* கத்தியைத் திறந்து லாக் செய்து, அதன் முதுகுப் பக்கத்தை ஒரு கட்டையில் மெதுவாக அழுத்துங்கள். லாக் வழுக்கினால் வாங்காதீர்கள். வேலை நடுவே மடங்கினால் வெட்டுப்படுவது உங்க விரல்தான்.
* மேலோட்டமான துருவைச் சரிசெய்யலாம். ஆழமான குழியும் விரிசலும் சரியாகாது.

சுத்தம் செய்வது எப்படி?

1. கழுவுங்கள்: எல்லாப் பகுதிகளையும் திறந்து, வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய டூத் பிரஷ் கொண்டு தேயுங்கள். பிறகு பஞ்சர் கடையில் காற்று அடித்து வாங்கினால் மூலையில் இருக்கும் தண்ணீரும் போய்விடும். காற்று அடிக்கும்போது கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

2. துருவை எடுங்கள்: வெள்ளை வினிகரில் ஊறவைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேயுங்கள். ராத்திரி முழுக்கப் போட்டுவிடாதீர்கள். வினிகர் ஸ்டீலையும் அரிக்கும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள். சாதா இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு, அதுவே புதுத் துருவுக்கு விதையாகும்.

3. எண்ணெய் விடுங்கள்: டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டும், இறுகியதை இளக்கும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டு, இருபது முறை திறந்து மூடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

4. கூர் தீட்டுங்கள்: தண்ணீர் விட்ட சாணைக்கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி அளவில் தீட்டினால் போதும். சாணைச் சக்கரத்தில் கொடுத்தால், அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலமாக மாறினால், சூட்டில் ஸ்டீலின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம்.

5. அவசியமென்றால் மட்டும் பிரியுங்கள்: நட்சத்திர வடிவ டார்க்ஸ் ஸ்க்ரூ இருந்தால், சரியான பிட் வைத்துக் கழற்றலாம். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும். ரிவெட் அடித்த மாடலைக் கழற்றாமல், கழுவி எண்ணெய் விடுவதோடு நிறுத்துங்கள்.

கடுக்காய் வைத்தியம்

லாஸ்டிங் பிளேயர் போன்ற சாதா கார்பன் ஸ்டீல் கருவிகளுக்கு நம்ம ஊர்லயே ஒரு மருந்து இருக்கு. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் காலங்காலமாகப் பயன்படுகின்றன. இரண்டிலும் இருக்கும் டேனின், இரும்போடு சேர்ந்தால் கறுப்பாக மாறும். இப்படிப் பதனிட்ட ஈரத்தோலில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழுவதும் இதனால்தான்.

அதே குணத்தைத் துருவுக்கு எதிராகத் திருப்பலாம். உதிரும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து ஆறிய நீரை பிரஷ்ஷால் பூசுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய துரு கறுப்புப் படலமாகும். காய்ந்ததும் எண்ணெய் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும், பழம் நறுக்கும் கத்திக்கும் இது வேண்டாம்.

கடைசியாக உறை

லெதர் உறையை விட மனசு வரலையா? விட வேண்டாம். வெளியே போகும்போது அதில் போடுங்கள், வீடு வந்ததும் டூலை வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள். உறை கிழிந்திருந்தால் புதுசு வாங்க ஓடாதீர்கள். ஒரு துண்டு வெட்டுத்தோல் கொடுத்தால் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் அளவெடுத்துத் தைத்துத் தருவார். விமானத்தில் போகிறீர்களா? கத்தியுள்ள டூலைக் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

புது மல்ட்டி-டூல் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பழசை மீட்க வினிகர், சோடா, தையல் மெஷின் ஆயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அப்படியே, அந்த அண்ணனிடம் உறை தைக்கக் கொடுக்கும்போது, அவருடைய பிளேயருக்கும் ரெண்டு சொட்டு ஆயில் விட்டுட்டு வாங்க!