கருப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்புச் சேலை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிகிறவரை நிற்கத்தான் வேண்டும். நிற்கும்போது கண் போகிற இடம் சுவர், சுவரில் சினிமா போஸ்டர். எங்க ஏரியாவில் பலர் ஒரு படத்தை நின்று நிதானமாகப் பார்த்தது அங்கேதான். எழும்பூர் மியூசியத்துக்கு யார் போனா?

இப்போது அந்தப் பழைய போஸ்டரெல்லாம் 'விண்டேஜ்' ஆகிவிட்டது. ஃப்ரேம் போட்டு காபிக் கடையில் மாட்டுகிறார்கள். மாட்டட்டும், சந்தோஷம்தான். ஆனால் இதில் எது கலை, யாருடைய கலை என்று கேட்டால் 'ரெட்ரோ லுக்' என்பதோடு பேச்சு நின்றுபோகிறது.

எனக்கு முதலில் கண்ணில் படுவது நிறம். தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது 1956இல். அதற்கப்புறமும் பல வருஷம் பெரும்பாலான படங்கள் கருப்பு வெள்ளைதான். ஆனால் போஸ்டர் மட்டும் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று அள்ளும். திரையில் கதாநாயகி உடுத்தியிருப்பது சாம்பல் நிறச் சேலை. போஸ்டரில் அதுவே ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பை முடிவு செய்தது டைரக்டரும் இல்லை, கேமராமேனும் இல்லை; பப்ளிசிட்டி டிசைனர். ஸ்டில் போட்டோவை வெட்டி ஒட்டி, மேலே பிரஷ்ஷால் வண்ணம் ஏற்றி, கன்னத்தில் ஒரு பக்கம் ரோஸ், மறுபக்கம் பச்சையோ நீலமோ நிழல் போட்டிருப்பார். தலைப்பு எழுத்தும் கைவேலை. படத்தில் இல்லாத ஒரு நிற உலகத்தை அவர் தாளில் உண்டாக்கியிருக்கிறார். இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

அச்சுமுறைக்கும் இதில் பங்கு உண்டு. லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், பின்னாளில் தனித் தகடு. நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் கைவிட்டு எண்ணக்கூடிய நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித்தான் மற்றதையெல்லாம் வரவழைக்க வேண்டும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இதே வழியில்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிவகாசி கதை வேறு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு பிரஸ் வேணும். பிரஸ் வந்தபின் காலண்டர், போஸ்டர் எல்லாம் வந்தது. காலண்டர் லட்சுமியின் கன்னமும் சினிமா நாயகியின் கன்னமும் ஒரே ரோஸ் நிறத்தில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. கே. மாதவன் போன்றவர்கள் காலண்டருக்கும் சினிமாவுக்கும் ஒரே கையால் வரைந்தவர்கள்தானே.

பாரிஸில் 1890களிலேயே ஷெரே, துலூஸ்-லோத்ரெக் வரைந்த போஸ்டர்களைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போகிற பைத்தியம் பிடித்திருந்தது. நம்மூரில் உரித்தது மாடு. மைதாப் பசை அதற்கு விருந்து. மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது, அல்லது மறுவெள்ளிக்கிழமை மேலேயே அடுத்த படம் ஏறியது. அப்படியானால் இன்று நம் கைக்கு நல்ல நிலையில் கிடைக்கிற போஸ்டர் பெரும்பாலும் ஒருநாளும் சுவரைப் பார்க்காதது. எங்கேயோ கட்டுப் பிரிக்காமல் கிடந்த உபரி. வேலை செய்த போஸ்டர் செத்துப்போச்சு, வேலை செய்யாதது பிழைத்துக்கொண்டது.

இன்னொரு சிக்கல், மறுவெளியீடு. வடசென்னைத் தியேட்டர்களில் எம்.ஜி.ஆர். படங்கள் திரும்பத் திரும்ப ஓடியவை. ஓடும்போதெல்லாம் புது போஸ்டர் அடிப்பதுண்டு. ஆகவே 1958 படத்தின் போஸ்டர் என்றால் 1958 போஸ்டர் என்று அர்த்தமில்லை. வாங்குகிறவர்கள் அச்சு லித்தோவா ஆஃப்செட்டா, அடியில் எந்த விநியோகஸ்தர் பெயர் என்று பார்ப்பது நல்லது.

ஒரு தாளுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்றால், சில படங்களுக்குத் தாளைத் தவிர வேறெதுவும் இல்லை. 1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. விளம்பரம், பாட்டுப் புத்தகம், சில ஸ்டில் என்று துண்டு துண்டாகத்தான் அந்தப் படம் நமக்குத் தெரியும். இந்த மாதிரித் தாள்களைக் குப்பையென்று நினைக்காதவர்களில் ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. அவரே விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் என்பது எனக்குப் பிடித்த தகவல். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் இன்னொருவர்.

வரைந்தவர்கள் பெயர்தான் குறைவாகக் கிடைக்கிறது. படத்தின் டைட்டில் கார்டில் 'டிசைன்ஸ்' என்று ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். பாபுவின் 'சாட்சி' (1967) தெலுங்குப் படத்துக்கு டிசைன் செய்த ஈஸ்வர் பிறகு தமிழிலும் ஏராளமாகச் செய்தார். போஸ்டர் கலை பற்றித் தெலுங்கில் புத்தகமே எழுதினார். தமிழில் அப்படித் தன் கதையைத் தானே எழுதிவைத்த டிசைனர்கள் அபூர்வம்.

தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் திறந்து 2020இல் மூடியது. ஒரு தியேட்டர் மூடும்போது நாற்காலிக்கும் புரொஜெக்டருக்கும் விலை பேச ஆள் வரும். மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற தாள் கட்டு எடைக்குப் போகும். உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது போஸ்டர் ஒட்டியவர்களாகவோ, தியேட்டரிலோ விநியோகஸ்தர் ஆபீஸிலோ வேலை பார்த்தவர்களாகவோ இருந்தால், பரணை ஒருதடவை பாருங்க. பாட்டுப் புத்தகம், பிட் நோட்டீஸ் எதுவானாலும் சரி, பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்க. பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தால் அதையும் விடாதீங்க.