ராசம்மா பூபாலன்

ராசம்மா பூபாலன் (பிறப்பு: 1927 மே 1, ஈப்போ, பேராக்) மலேசியத் தமிழர், ஆசிரியர், தொழிற்சங்கவாதி, மாதர் இயக்க முன்னோடி. இயற்பெயர் ராசம்மா நவோமி நவரத்தினம். பதினாறு வயதில் இந்திய தேசிய ராணுவத்தின் ராணி ஜான்சி படையில் சேர்ந்தார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியம் கேட்டார். 1963இல் உருவான தேசிய மாதர் அமைப்புகள் மன்றத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். தொழிலாளர் தினத்தில் பிறந்தவர் தொழிற்சங்கம் கண்டது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

மலேசியத் தமிழரிடையே தொண்டு செய்யும் பெண்ணுக்கு ஒரு பழகிய உருவம் உண்டு. பட்டர்வொர்த் கோயில்களின் அன்னதானக் கூடத்தில் விடியுமுன் காய் நறுக்குபவர், தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுப்பவர், இழவு வீட்டில் முதல் ஆளாக அடுப்பு மூட்டுபவர். வீட்டு வேலையை முடித்துவிட்டு ஊர் வேலைக்கு வரும் இந்தப் பெண்கள் இல்லாமல் எந்தச் சங்கமும் ஒரு மாதம்கூட ஓடாது. சங்கத்தின் ஆண்டு மலரில் அவர்கள் படம் கடைசிப் பக்கத்தில் வரும், வந்தால். ராசம்மாவும் வாழ்நாள் முழுக்கச் சம்பளமில்லாத பொறுப்புகளைச் சுமந்தவர்தான். ஆனால் பெண்ணின் உழைப்புக்குக் கணக்குக் கேட்பதையும் அவர் தொண்டாகவே செய்தார்.

பின்னணி

அவர் பிறந்த காலத்து மலாயாவில் தமிழர் இரண்டு உலகங்களாக வாழ்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் தோட்டத்து லயங்களில் இருந்தன. பினாங்கின் எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தைச் சுற்றிய செபராங் பிறைப் பகுதியில், ரப்பர் வருவதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களோ ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் வேலை பார்த்தனர். ராசம்மாவின் குடும்பம் இந்த இரண்டாம் வகை. இலங்கைத் தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பம். ஒரே மொழி பேசினாலும் இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது அபூர்வம்.

1920களின் இறுதியில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருட்டோடு எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆண் வெட்டும் அதே பால்மரத்தை வெட்டினாலும் பத்துக் காசு குறைவு. ஆண்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான், பெண்ணின் கூலி உபரி வருமானம் என்ற நினைப்பு அந்தப் பத்துக் காசுக்குள் இருந்தது. முப்பது ஆண்டுக்குப் பிறகு பட்டதாரி ஆசிரியைகளின் சம்பளத்திலும் அதே நினைப்பைத்தான் ராசம்மா எதிர்கொண்டார்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் பினாங்கின் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். நீரிணையைக் கடந்து எதிர்க்கரையில் ரயிலேறித் தெற்கே போனவர்கள் பலர். உள்ளூர் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு இடமும் இல்லை. வெள்ளைக்காரன் காப்பாற்றுவான் என்று இரண்டு தலைமுறையாக நம்பியிருந்த அலுவலகக் குடும்பங்களை இது உலுக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஈப்போவும் விழுந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழரில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

ராணி ஜான்சி படை

இந்திய தேசிய ராணுவத்தை வழிநடத்திய சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து, பெண்களுக்கென்று தனிப்படை அமைப்பதாக அறிவித்தார். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். பயிற்சி முகாம் அக்டோபர் 22 அன்று திறக்கப்பட்டது. படையில் சேர விரும்பிய பெண், வீட்டு ஆணின் கையெழுத்தோடு வரவேண்டும் என்பது விதி. ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கத் தயாரான பெண்ணுக்கும் அப்பாவின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது! கோலாலம்பூரின் வசதியான வீட்டுப் பெண்ணான ஜானகி தேவர் (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்) வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அவருடைய தந்தையைச் சம்மதிக்க வைக்க லட்சுமியே வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது.

ஈப்போவிலிருந்து ராசம்மாவும் சகோதரி பொன்னம்மாவும் சேர்ந்தனர். படையில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், இந்தியாவை ஒருநாளும் பார்க்காதவர்கள் பலர். ஆங்கிலப் பள்ளி மாணவியும் பால்மரம் வெட்டிய பெண்ணும் ஒரே சீருடையில் அணிவகுத்து, ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்டது மலாயாத் தமிழர் வரலாற்றில் இதற்கு முன் நடக்காத ஒன்று. படையின் எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. சில நூறு என்பாரும் ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உள்ளனர். பர்மாவுக்குப் போன ராணிகள் போர்முனையில் நேருக்கு நேர் சண்டையிட வாய்ப்பு அமையவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வீரக் கதை சொல்பவர்கள் இதை விழுங்கிவிடுகிறார்கள். மருத்துவமனைப் பணி, காவல், 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டபின் குண்டுவீச்சுக்கு ஒதுங்கி ஒதுங்கி இரவுகளில் நடந்த நடை ஆகியவை அவர்களின் போர். அதற்குத் தேவைப்பட்ட துணிவு குறைவானதல்ல.

ஆசிரியர் சங்கம்

போர் முடிந்தபின், விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்த ராசம்மா, அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வரலாற்று ஆசிரியரானார். பணியாற்றிய துறையிலேயே வாழ்க்கைத் துணையும் அமைந்தது.

1957இல் நாடு சுதந்திரம் அடைந்தும் பள்ளிகளில் பழைய சம்பளப் பட்டியல்தான். ஒரே தகுதி, ஒரே வகுப்பறை, ஒரே பாடம். ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். திருமணமான பெண்ணின் நிலை இன்னும் மோசம். தாலி ஏறியதும் நிரந்தரப் பணி போய்த் தற்காலிகப் பணியாக மாறும். ஓய்வூதிய உரிமையும் போகும். குடும்பம் என்பதைக் காட்டியே பெண்ணின் கூலி குறைக்கப்பட்டது, குடும்பம் அமைத்துக்கொண்ட குற்றத்துக்காக வேலைப் பாதுகாப்பும் பறிக்கப்பட்டது. இதை எந்தத் தர்க்கத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்று இன்று கேட்கத் தோன்றும். அன்று பல ஆசிரியைகள் இதைத் தலைவிதி என்றே இருந்தனர். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது ஆசிரியத் தொழிலின் புனிதத்துக்கு ஆகாது என்று நினைத்தவர்களும் உண்டு.

ராசம்மா 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவரானார். மனு, பேச்சுவார்த்தை, கூட்டம், பத்திரிகை அறிக்கை என்று வழக்கமான தொழிற்சங்க வழிகளே அவர் கையாண்டவை. பள்ளி முடிந்த பிறகும் விடுமுறைகளிலும் செய்த வேலை இது. ஆசிரியைகளோடு தாதியரும் எழுத்தர்களும் குரல் சேர்க்க, கோரிக்கை அரசு ஊழியம் முழுவதற்குமானதாக வளர்ந்தது. 1969இல் அரசு ஊழியத்தில் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. தனியார் துறை அதற்குள் அடங்கவில்லை. சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மலேசியா ஏற்றுக்கொண்டது 1997இல்தான்.

மாதர் மன்றமும் திருமணச் சட்டமும்

தனித்தனியாக இயங்கிய மாதர் சங்கங்களை இன, மத வேறுபாடின்றி ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தது 1963இல் அமைந்த தேசிய மாதர் அமைப்புகள் மன்றம். துன் பாத்திமா ஹாஷிம், பினாங்கில் வளர்ந்த வழக்கறிஞர் பி.ஜி. லிம் போன்றோருடன் ராசம்மாவும் இதில் முன்னின்றார். பின்னாளில் மன்றத்தின் துன் பாத்திமா தங்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

மன்றம் தொடர்ந்து வலியுறுத்தியவற்றில் தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொட்டது திருமணச் சட்டச் சீர்திருத்தம். அதுவரை கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டினால் திருமணம், பதிவு கட்டாயமில்லை. ஒருவர் இரண்டாவதாக ஒரு பெண்ணை மணந்தால் முதல் மனைவிக்குக் கேட்க நாதியில்லை, இரண்டாமவளின் பிள்ளைகளுக்கோ நிலை தெளிவில்லை. 1976இல் நிறைவேறி 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் பதிவையும் கட்டாயமாக்கியது. திருமண வயதை 18 ஆக்கியது, சிறப்பு அனுமதி பெற்றால் பெண்ணுக்கு 16. இடையில் ஆறு ஆண்டு கடந்தது ஏன் என்று மாதர் அமைப்புகள் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தன.

தலைமை ஆசிரியரும் பிறகும்

1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தார். மே 13 இனக் கலவரம் நடந்த ஆண்டில், கலவரம் நடந்த நகரில், எல்லா இனப் பெண்பிள்ளைகளும் படித்த பள்ளியை ஏற்றது எளிய பொறுப்பல்ல.

பணி ஓய்வு அவர் விஷயத்தில் பெயருக்குத்தான். போதைப்பொருள் எதிர்ப்பு இயக்கமான பெமடாமில் இயங்கினார். கிறிஸ்துவ இளம்பெண்கள் சங்கத்தின் தொழிற்பயிற்சி நிலையத்தை வளர்த்தார். பள்ளிப் படிப்பை முடிக்க முடியாத ஏழைப் பெண்கள், தோட்டப் பிள்ளைகள் உட்பட, தையல், சமையல் போன்ற கைத்தொழில் கற்றுச் சொந்தக் காலில் நிற்க வழிசெய்த இடம் அது. கிறிஸ்துவரான அவர், சுவாமி சத்யானந்தா நிறுவிய சுத்த சமாஜத்திலும் சமய நல்லிணக்கப் பணி செய்தார். அந்தச் சமாஜத்தை 1961 முதல் நடத்திய மதர் மங்களம் (1926–2023) ஏறத்தாழ அவர் வயதினர். திருமணம் செய்துகொள்ளாமல் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர் மங்களம்; குடும்பத்தோடு பொதுவாழ்வை நடத்தியவர் ராசம்மா.

ராசம்மாவின் வாழ்க்கையை அருணா கோபிநாத் ஆங்கிலத்தில் எழுத, மலேசியத் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகம் 2007இல் வெளியிட்டது. அதற்கு ஆறு ஆண்டு முன்னதாக, 2001இல், பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற சொற்கள் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டன. பெண் ஆசிரியர் சங்கம் தொடங்கி அப்போது நாற்பத்தோர் ஆண்டு ஆகியிருந்தது.