பாதி ஆட்டத்தில் பெஞ்ச்… காலேஜ் மாறி சூப்பர் பவுல் வரை: யார் இந்த ஜேலன் ஹர்ட்ஸ்?

2018 ஜனவரி 8. அட்லாண்டா நகரின் மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம். அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலின் தேசிய இறுதிப்போட்டி. இடைவேளை வரை அலபாமா பல்கலைக்கழக அணி ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை. ஜார்ஜியா 13-0 என முன்னிலை.

இரண்டாம் பாதி தொடங்கியபோது அலபாமாவின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் களத்தில் இல்லை. அவருக்குப் பதிலாக இறங்கியவர் முதலாம் ஆண்டு மாணவர் டுவா டாகோவைலோவா. கூடுதல் நேரத்தில் டுவா வீசிய 41 யார்டு பந்தை டெவோன்டா ஸ்மித் பிடிக்க, அலபாமா 26-23 என ஜெயித்தது. டீம் சாம்பியன், ஆனால் ஹர்ட்ஸுக்கு இடம் போச்சு. அப்போது அவருக்கு வயது 19.

குவாட்டர்பேக் இடம் போனால் என்ன ஆகும்?

இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து, ஓடியும் வீசியும் எதிரணியின் எல்லைக்குக் கொண்டு போகிற ஆட்டம். கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் கைக்குத்தான். வீசுவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவாட்டர்பேக் விஷயத்தில் அது அபூர்வம். முதல் ஆள் ஆடுவார், இரண்டாவது ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார். அதுவும் கல்லூரி வீரருக்குக் கிடைப்பது 5 ஆண்டுக்குள் 4 சீசன் மட்டுமே. பெஞ்சில் போகிற ஒவ்வொரு சீசனும் நஷ்டம்தான்.

அதற்கு முன்பு ஹர்ட்ஸ் எப்படி ஆடினார்?

மோசமாக ஆடி இடத்தை இழந்தவர் இல்லை அவர். டெக்சாஸ் மாநிலம் சேனல்வியூவில் வளர்ந்தவர். அப்பா பள்ளி ஃபுட்பால் கோச். 2016-ல் அலபாமாவில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே குவாட்டர்பேக் ஆனார். அந்த சீசனின் இறுதிப்போட்டியில் 2 நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கும்போது தானே 30 யார்டு ஓடி அணிக்கு முன்னிலை வாங்கிக் கொடுத்தார். கடைசி விநாடியில் கிளெம்சன் அணி டச் டவுன் அடித்து 35-31 என வென்றுவிட்டது. அலபாமாவில் அவர் தொடக்க வீரராக இறங்கிய 28 ஆட்டங்களில் 26 வெற்றி. இந்த ரெக்கார்டு இருக்கும் ஒருவரைத்தான் கோச் நிக் சேபன் இடைவேளையில் உட்கார வைத்தார்.

உடனே ஏன் கல்லூரி மாறவில்லை?

இங்கேதான் விதி குறுக்கே நின்றது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதிப்படி, படிப்பு முடியாத வீரர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பொதுவாக ஒரு சீசன் ஆட முடியாது. பட்டம் வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. போன கையோடு ஆடலாம்.

ஹர்ட்ஸ் அலபாமாவிலேயே இருந்தார். 2018 சீசன் முழுக்க டுவாவுக்கு அடுத்த ஆள்.

டிசம்பர் 1. மறுபடியும் அட்லாண்டா, அதே ஸ்டேடியம், எதிரே அதே ஜார்ஜியா. இந்த முறை எஸ்.இ.சி. பிரிவு இறுதிப்போட்டி. கடைசி கால் பகுதியில் அலபாமா 21-28 எனப் பின்தங்கி இருக்கும்போது டுவாவுக்குக் கணுக்காலில் அடி. உள்ளே வந்தார் ஹர்ட்ஸ். முதலில் ஜெரி ஜூடிக்கு ஒரு பாஸ், ஸ்கோர் சமன். ஆட்டம் முடிய 1 நிமிடம் 4 விநாடி இருக்கும்போது தானே 15 யார்டு ஓடி டச் டவுன். அலபாமா 35-28 வெற்றி. கிட்டத்தட்ட 11 மாதத்துக்கு முன் எந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டாரோ, அதே இடம். எழுதி வைத்த சினிமா கதைபோல இருந்தாலும் நடந்தது இதுதான்.

அதே மாதம் பட்டம் வாங்கினார். 2019 ஜனவரியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கையில் மிச்சம் ஒரே ஒரு சீசன்.

ஏன் ஓக்லஹோமா?

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கோச் லிங்கன் ரைலியின் கீழ் அங்கே ஆடிய முந்தைய இரண்டு குவாட்டர்பேக்குகளும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். டெக்சாஸ் டெக்கிலிருந்து வந்த பேக்கர் மேஃபீல்டு, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து வந்த கைலர் மர்ரே. 2017, 2018 என அடுத்தடுத்து இருவரும் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் டிராபி வாங்கி, என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார்கள்.

ஹர்ட்ஸும் ஏமாற்றவில்லை. 2019 சீசனில் வீசியது 3,851 யார்டு, ஓடியது 1,298 யார்டு. 32 டச் டவுன் பாஸ், தானே ஓடி 20. ஹெய்ஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ஜெயித்த ஜோ பர்ரோவும் ஓஹியோ ஸ்டேட்டிலிருந்து எல்.எஸ்.யு.வுக்கு மாறியவர்தான்.

அந்த இருவரும் அரையிறுதியில் மோதினார்கள். மறுபடியும் அட்லாண்டா, மறுபடியும் அதே ஸ்டேடியம். முதல் பாதியிலேயே பர்ரோ 7 டச் டவுன் பாஸ் வீசினார். ஓக்லஹோமா 63-28 எனத் தோற்றது. ஹர்ட்ஸின் கல்லூரி வாழ்க்கை அதோடு முடிந்தது.

இப்போது விதி என்ன?

பட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2021-ல் ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2024-ல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற ஆன்லைன் பட்டியலில் பெயர் ஏறினால் மற்ற கோச்சுகள் கூப்பிடலாம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணமும் சம்பாதிக்கலாம். அதனால் இன்று காலேஜ் மாறுவதில் ஆட இடம் கிடைக்குமா என்பதோடு எவ்வளவு பணம் என்ற கணக்கும் சேர்ந்துவிட்டது. ஹர்ட்ஸ் போல இடம் போன பிறகும் ஒரு வருடம் காத்திருக்க இப்போது எந்த விதியும் யாரையும் கட்டாயப்படுத்தாது.

பிறகு என்ன ஆனார்?

2020 டிராஃப்டில் இரண்டாம் சுற்றில், 53-வது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. அங்கேயும் கார்சன் வென்ட்ஸ் என்ற முதல் குவாட்டர்பேக் இருந்தார். ஆனால் இந்த முறை பெஞ்சுக்குப் போனது வென்ட்ஸ். உள்ளே வந்தது ஹர்ட்ஸ். 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டியிடம் 38-35 என நூலிழைத் தோல்வி. இரண்டு மாதத்தில் 5 ஆண்டுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம். நடுவில், மே மாதம் ஓக்லஹோமாவில் முதுகலைப் பட்டத்தையும் முடித்தார்.

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். அதே கன்சாஸ் சிட்டியை 40-22 என ஈகிள்ஸ் வீழ்த்தியது. ஆட்டநாயகன் ஹர்ட்ஸ். அன்று அவர் வீசிய 46 யார்டு டச் டவுன் பாஸைப் பிடித்தவர் டெவோன்டா ஸ்மித். 2018-ல் ஹர்ட்ஸ் பெஞ்சில் இருந்த இரவு டுவாவின் பாஸைப் பிடித்த அதே ஸ்மித்.