கணைக்கால் முறிவும் ஏழாம் எழுத்தும்

நம் கல்லூரியில் உயிரியல் பயின்ற மாணவர் சிலர் இன்று சென்னையில் ‘மெடிக்கல் கோடிங்’ பணியில் உள்ளனர். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டை இடுவதே அவர்தம் தொழில். அண்மையில் நம்மைக் காணவந்த ஒருவர், “கதை படிக்கிற மாதிரிதான் ஐயா. ஆனா படிச்சதை ஏழே எழுத்தில் சொல்லணும்” என்றார். எடுத்துக்காட்டு கேட்டோம். ‘எஸ்82.222பி’ என்று தாளில் எழுதிக் காட்டினார்.

‘எஸ்’ என்பது காயம். 82 என்பது முழங்காலுக்குக் கீழுள்ள கால், கணுக்கால் ஆகியவற்றின் முறிவு. புள்ளிக்குப் பின்வரும் மூன்று இரண்டுகளும் ஒன்றல்ல. இடம் மாறப் பொருள் மாறுகிறது. முதல் இரண்டு, மருத்துவர் டிபியா என்றழைக்கும் கணைக்கால் எலும்பின் நடுத்தண்டைச் சுட்டும். அடுத்தது குறுக்குவாட்டு முறிவு. மூன்றாவது, எலும்பு இடம்பெயர்ந்தது என்பதையும் இடக்கால் என்பதையும் சேர்த்துச் சொல்லும். இறுதி எழுத்தாகிய ‘பி’, தோல் கிழிந்த முறிவு என்றும், சிகிச்சை இப்போதுதான் நடைபெறுகிறது என்றும் கூறும்.

இவற்றுள் இறுதி எழுத்து எழுப்பும் வினாவே வரலாற்றில் மிக முக்கியமானது: தோல் கிழிந்ததா, இல்லையா? கணைக்கால் எலும்பின் முன்புறம் தசைப் போர்வையின்றித் தோலுக்கு நேர் அடியில் கிடப்பது. உடைந்த முனை எளிதில் தோலைக் கிழித்து வெளிவந்துவிடும். கிருமிகளைப் பற்றி அறியாத காலத்தில் அக்கிழிசல் பெரும்பாலும் காலையோ உயிரையோ பறித்தது.

1756இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தது. அசைத்தால் கேடு என்றுணர்ந்த அவர், ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அதன்மேல் படுத்தே வீடு சேர்ந்தார் என்று அவருடைய மருமகன் எழுதியுள்ளார். காலைத் துண்டிக்க எல்லாம் ஆயத்தமான வேளையில், மூத்த மருத்துவர் ஒருவர் தடுத்ததால் கால் தப்பியது. பாட் பின்னர் 1768இல் எலும்பு முறிவுகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1865 ஆகஸ்ட் 12 அன்று, கிளாஸ்கோ அரச மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதில் இடக் கணைக்கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. ஜோசப் லிஸ்டர் அப்புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. இத்தகைய 11 முறிவுகளை அவர் 1867இல் ‘லான்செட்’ இதழில் விவரித்தார். ஒருவர் இறந்ததையும், ஒருவர் உறுப்பை இழந்ததையும் அவர் மறைக்கவில்லை. சிறுவனின் புண் ஏறத்தாழ ஒன்றரை அங்குல நீளம் என்பதையும் எழுதிவைத்தார்.

அந்த அளவின் அருமை பின்னரே விளங்கிற்று. 1976இல் பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரமோன் குஸ்டிலோவும் ஜான் ஆண்டர்சனும் திறந்த முறிவுகளை மூவகைப்படுத்தினர். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தூய புண் முதல் வகை. அதனிலும் நீண்டு, தசைக்குப் பெருஞ்சேதம் இல்லாதது இரண்டாம் வகை. பெருஞ்சேதமுற்றது மூன்றாம் வகை. 1984இல் மூன்றாம் வகை மேலும் மூன்றாகப் பகுக்கப்பட்டது. லிஸ்டர் எழுதிவைத்த நீளத்தைக் கொண்டு, அச்சிறுவனின் காயம் முதல் வகையைத் தாண்டியது என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது.

குறியீட்டுப் பட்டியலின் வரலாறோ சாவுக் கணக்கில் தொடங்கியது. 1893இல் ழாக் பெர்த்தியோன் இறப்புக் காரணங்களின் பட்டியலை முன்வைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஆறாம் திருத்தத்தில்தான் உயிரோடிருப்போரின் நோயும் காயமும் முழுமையாக இடம்பெற்றன. அமெரிக்க மருத்துவமனைகள் 2015 செப்டம்பர் வரை பயன்படுத்திய ஒன்பதாம் திருத்தப் பட்டியலில் கணைக்கால் முறிவு மூடியதா திறந்ததா என்பது உண்டு. இடக்காலா வலக்காலா என்பது இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பத்தாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவம் நடைமுறைக்கு வந்தது. குஸ்டிலோவின் வகைகள் அதன் ஏழாம் எழுத்துள் புகுந்தன. எலும்பு கூடியதா, தாமதித்ததா, கூடாமற்போயிற்றா, கோணலாய்க் கூடியதா என்பவற்றையும் சேர்த்து, கணைக்கால் முறிவுக்கு 16 எழுத்துகள் அவ்விடத்தில் வரலாம்.

அப்பட்டியலின் விதியொன்று நம்மைத் திடுக்கிட வைத்தது. முறிவு திறந்ததா மூடியதா என்று மருத்துவர் எழுதாவிடில், அது மூடியது என்றே கொள்ளப்படும். இடம்பெயர்ந்ததா என்று எழுதாவிடில், இடம்பெயர்ந்தது என்றே கொள்ளப்படும். ஆக, மருத்துவரின் மௌனத்துக்கும் குறியீடு உண்டு! அவசரத்தில் ஒரு சொல் விடுபட்டால், கிழிந்த தோல் ஏட்டில் கிழியாததாகிவிடுகிறது. மருத்துவமனைக்குச் சேரவேண்டிய தொகை குறையலாம் என்பது ஒருபுறம். எத்தனை திறந்த முறிவுகள் சீழ்பிடித்தன என்று பின்னாளில் எண்ணுவோரின் கணக்கில் அந்தக் கால் இராது என்பது அதனினும் பெரிய இழப்பு. லிஸ்டர் புண்ணை அளந்து எழுதாதிருந்தால், அச்சிறுவனின் காயத்தைப் பற்றி நாம் என்ன சொல்லியிருக்க முடியும்?

“புண் தைத்ததாக ஒரு வரி இருக்கிறது, ஆனால் திறந்த முறிவு என்ற சொல் இல்லை. அப்போது நீங்களே ‘பி’ போட்டுவிடலாமே?” என்று மாணவரைக் கேட்டோம். “கூடாதுங்க ஐயா. டாக்டருக்குக் கேள்வி அனுப்புவோம். அவர் எழுதிக் கொடுத்தால்தான் போடுவோம்” என்றார். மூலத்தில் இல்லாததை உரையில் ஏற்றாதீர் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவரும் நமக்கு, அந்த விடை புதிதாகத் தோன்றவில்லை.