சாம்பல் மேகமும் வழிப்போக்கரும்

நம் முன்னோர் சாவகம் என வழங்கிய ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியில், மார்க்கக் கல்விக்கூடங்களுக்குப் பெயர்பெற்ற தாசிக்மலாயாவுக்கு அருகே கலுங்குங் என்னும் எரிமலை நிற்கிறது. 1822-இல் அது சீறியபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1982 ஏப்ரலில் அது மீண்டும் கனன்றது. இம்முறை அதன் சீற்றம் நிலத்தோடு நிற்கவில்லை. விண்ணில் சென்றோரையும் தீண்டியது.

அவ்வாண்டு ஜூன் 24-ஆம் நாள் இரவு. இலண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. பயணிகளும் பணியாளருமாக 263 பேர் அதில் இருந்தனர். முன்கண்ணாடியில் விந்தையான ஒளி மின்னிற்று. உள்ளே கந்தக நெடியுடன் புகை பரவிற்று. சில நிமிடங்களுக்குள் நான்கு எஞ்சின்களும் ஓய்ந்துவிட்டன. தலைமை விமானி எரிக் மூடியும் உடனிருந்தோரும் அவற்றை இயக்க மீண்டும் மீண்டும் முயன்றனர். விமானம் 14,000 அடிக்கும் கீழே இறங்கிய பின்னரே எஞ்சின்கள் உயிர்பெற்றன. கண்ணாடி தேய்ந்து பார்வை மறைந்த நிலையிலும் விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கிற்று. இறையருளால் ஓருயிருக்கும் சேதமில்லை.

எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் போன்றதன்று. பொடியாகச் சிதறிய பாறையும் கண்ணாடியுமே அது. எஞ்சினின் வெப்பத்தில் அது உருகி, உள்ளுறுப்புகளில் படிந்து, காற்றோட்டத்தை அடைத்துவிடுகிறது. நின்ற எஞ்சின் குளிர்ந்ததும் அப்படிவு இறுகி உதிர்ந்தமையால்தான் அன்று அனைவரும் பிழைத்தனர். மேகத்தின் ஈரத்தைக் கண்டறியும் ராடாரோ, உலர்ந்த அத்துகளைக் காட்டவில்லை.

1989 டிசம்பரில் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் சிக்கி, கே.எல்.எம். விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் அவ்வாறே நின்று, பின்னர் இயங்கின. இப்படிப்பினைகளின் பயனாக, சாம்பலின் போக்கைக் கணித்து எச்சரிக்கும் ஒன்பது மையங்கள் உலகில் நிறுவப்பெற்றன.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை ஒன்று பனிப்பாறையைப் பிளந்து வெடித்தபோது, ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரு வாரம் மூடப்பட்டது. சுமார் ஓர் இலட்சம் பயணங்கள் கைவிடப்பட்டன. கோடி மக்களின் பயணம் தடைப்பட்டது. சாம்பலால் விமானம் ஒன்றேனும் வீழவில்லை. ஆயினும் விமான நிலையத் தரையில் படுத்துறங்கியோர் எத்தனை பேர்! கையிருப்புக் கரைந்து கலங்கியோர் எத்தனை பேர்!

ஸகாத் பெறத் தகுதியுடைய எண்வகையாரில் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. சொந்த ஊரில் செல்வராயினும், வழியில் பொருளற்றுத் தவிப்பவர் அதற்கு உரியவரே என்பர் மார்க்க அறிஞர். பாலையில் ஒட்டகத்தை இழந்தவருக்கு மட்டும் உரிய சலுகையன்று அது. ஊர்தோறும் முஸாபிர்கானாக்களைக் கட்டிவைத்த நம் பெரியோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வானத்தை மூடுவது உயிர்காக்கும் அறிவு. மூடிய வானின் கீழ் நிற்பவருக்குக் கதவைத் திறப்பது ஈமானின் கடமை. இரண்டும் சேர்ந்தாலன்றிப் பயணி காக்கப்பட்டவனாகான்.